திராம்போசிஸ்: ஒரு சொல்லின் உறை (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, அப்பாவின் அறிக்கையில் ‘டீப் வெய்ன் திராம்போசிஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். சொல்லுக்கு என்ன பொருள்?

பதில்: உயிருள்ளவரின் இரத்தக் குழாய்க்குள்ளேயே இரத்தம் உறைவது திராம்போசிஸ்; உறைந்த கட்டி திராம்பஸ். இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் சிரை; உடலின் உள்ளாழத்திலுள்ள சிரையில், பெரும்பாலும் காலில், இது நேர்ந்தால் உங்கள் அறிக்கையிலுள்ள பெயர். கிரேக்கத்தில் ‘திராம்போஸ்’ என்பது இரத்தக் கட்டிக்கும் திரிந்த பாலின் கட்டிக்கும் பொதுவான சொல். பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் நாடகமொன்றில், தான் ஈன்ற பாம்புக்கு முலை கொடுப்பதாகக் அரசி கிளைடெம்னெஸ்ட்ரா காணும் கனவில், பாலோடு இரத்தத் திராம்போஸும் வருகிறது. விவிலியத்தின் லூக்கா 22:44இல் ‘இரத்தத்தின் பெருந்துளிகள்’ எனத் தமிழில் நாம் படிப்பதும் மூலத்தில் இச்சொல்லின் பன்மையே. இளஞ்சூட்டுப் பாலில் ஒரு கரண்டி மோர் விட்டு உறை ஊற்றும் நாம், ‘இரத்த உறைவு’ என்று சொல்லும்போது அதே அடுக்களைக்குத்தான் போகிறோம். அப்பாவின் வீங்கிய காலைப் பிடித்துவிடாதீர்கள்.

கேள்வி: எம்போலிசமும் இதுதானே?

பதில்: அன்று. திராம்பஸ் உருவான இடத்திலேயே இருப்பது. எம்போலஸ் இரத்த ஓட்டத்தில் அடித்துவரப்பட்டு வேறிடத்தில் அடைப்பது; அந்த அடைப்பே எம்போலிசம். ‘எம்போலோஸ்’ என்றால் உள்ளே செருகப்பட்ட ஆப்பு, தக்கை. நாட்காட்டியில் செருகும் அதிக மாதத்தைக் குறித்து ஆங்கிலத்தில் முன்பே வழங்கிய எம்போலிசத்துக்கு, இன்றைய மருத்துவப் பொருளை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தந்தவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. காலில் உறைந்தது நுரையீரலில் போய் அடைக்கிறது என்று காட்டியவரும் அவரே. காலைப் பிடித்துவிடாதீர்கள் என்றதும் இதனால்தான்.

கேள்வி: விரலில் வெட்டுப்பட்டு மேலே உறைவது?

பதில்: வெறும் உறைகட்டி. குழாய்க்கு வெளியே உறைந்தது திராம்பஸ் ஆகாது.

கேள்வி: பூண்டு தின்றால் கரையுமா?

பதில்: நான் சொல்லுக்குத்தான் பதில் சொல்கிறேன். மருத்துவரிடம் கேளுங்கள், அதுவரை காலைப் பிடித்துவிட வேண்டாம்.

கேள்வி: உறைதல் பனிக்கல்லவா பொருந்தும்? ‘இரத்தக் கட்டு’ என்றே சொல்லலாமே!

பதில்: இரத்தக் கட்டு என்றால் அடிபட்டுக் கன்றிய இடத்தைத்தான் ஊரார் நினைப்பார்கள். உறைதல் குளிரால் மட்டும் நிகழ்வதன்று; நெய்யும் உறைகிறது, தயிரும் உறைகிறது.

கேள்வி: தயிருக்கு உறையா? எங்கள் வீட்டில் ‘புரை ஊற்றுதல்’ என்பதே வழக்கு.

பதில்: வேறு சில வீடுகளில் ‘பிரை’ என்பார்கள். நீங்கள் புரையே ஊற்றுங்கள். ஆனால் மறுநாள் காலையில் ‘தயிர் இன்னும் உறையவில்லை’ என்றுதானே சொல்வீர்கள்?

கேள்வி: திராம்பஸ், எம்போலஸ் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள்.