429 கோடியை உடைத்த 641: கேள்வி பதில்

எண் இதுதான்: 4294967297. நம் கணக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

கேள்வி: இந்த எண்ணில் அப்படி என்ன விசேஷம் சார்?

2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் இது வரும். அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். இனி வருவதெல்லாம் பகா எண்தான் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா 1640-இல் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. 1729-இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் இதை இன்னொரு கணித அறிஞரான ஆய்லரிடம் கேட்டார். 1732-இல் ஆய்லர் உடைத்துக் காட்டினார்: 641 × 6700417. பெர்மாவின் வரிசையில் அடுத்த எண்ணே பகு எண்!

கேள்வி: 3, 7, 11 என்று வரிசையாக வகுத்தா 641-ஐப் பிடித்தார்?

அப்படிப் போனால் 641-க்கு முன்னால் 115 பகா எண்கள் நிற்கின்றன. இந்த எண்ணுக்கு வகுத்தி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும் என்று ஆய்லர் கண்டார். 65, 129, 193 என்று எழுதி, பகா எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் 193, 257, 449, 577, 641. தாளில் வகுத்துப் பாருங்கள், மீதி 109, 2, 325, 288, கடைசியில் 0. ஐந்தே வகுத்தல். பெர்மா இதை எப்படி விட்டார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கேள்வி: வகுக்காமலே காட்ட முடியுமா அண்ணா?

முடியும், எனக்குப் பிடித்ததும் அதுதான். 641 = 5 × 128 + 1. அதாவது 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 (சரியாக வகுபட 1 குறைகிறது என்று அர்த்தம்). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. அப்புறம், 641 = 625 + 16 என்பதால் 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1, எனவே 2³² + 1-இன் மீதி 0. முடிந்தது.

கேள்வி: கம்ப்யூட்டரில் 4294967295 என்று அடிக்கடி பார்க்கிறேன். சம்பந்தம் உண்டா?

உண்டு, நம் எண்ணைவிட 2 குறைவு. 32 பிட்டில் (0, 1 மட்டும் கொண்ட 32 இலக்கங்களில்) அடங்கும் மிகப் பெரிய முழு எண் அது. அதன் காரணிகள் 3, 5, 17, 257, 65537: பெர்மாவின் அதே ஐந்து பேர்!

கேள்வி: இதற்கு மேல் இந்த வரிசையில் பகா எண் கிடைத்ததா?

இதுவரை ஒன்றுகூட இல்லை. 2⁶⁴ + 1-ஐ 1880-இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் உடைத்தார். 274177 அதன் சிறிய காரணி.

கேள்வி: இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

65536² + 1² கண்ணுக்கு நேரே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: 62264² + 20449². இரண்டு விதமாக எழுத முடிந்தாலே பகா எண் இல்லை என்று அர்த்தம். அந்த 20449 சரியாக 143²!