கல்லூரி மரங்களுக்குத் தணிக்கை: எங்கே தொடங்குவது?

கேள்வி: காட்பாடிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கிறேன். வளாகம் சுமார் 20 ஏக்கர். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வருவதற்குள் பசுமைத் தணிக்கையை முடிக்கச் சொல்கிறார் முதல்வர். மரங்களை எண்ணி, பெயர்ப் பலகை மாட்டினால் போதுமா?

பதில்: அப்படிச் செய்தால் கோப்பில் ஒரு பட்டியல் சேரும். தணிக்கை என்றால் மரங்களோடு சேர்த்து அவற்றைப் பராமரிக்கிறவர்களின் வேலையையும் பார்க்க வேண்டும். அதனால் முதலில் அலுவலகத்துக்குப் போய், கடந்த ஐந்து வருஷத்தில் கன்று வாங்கிய ரசீதுகளைக் கேளுங்கள். ரசீதில் இருப்பதில் எத்தனை தரையில் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வளாகங்களில் இந்த ஒரு கணக்கே முதல்வரின் முகத்தை மாற்றிவிடும்.

இந்தக் கணக்கெடுப்புக்கு ஏற்ற நேரம் அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு. நவம்பரில் எண்ணினால் வேலூரில் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். மழைக்காலத்தில் மாணவர்கள் இருக்கிறார்கள், நடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். ஏப்ரல், மே விடுமுறையில் கன்றுக்குத் தண்ணீர் விட ஆள் இல்லை. விடுமுறையில் யார் பொறுப்பு, தண்ணீர் போர்வெல்லிலிருந்தா, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்தா, வாரம் எத்தனை முறை என்பது எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் அறிக்கையின் முதல் குறையாக அதைப் போடுங்கள்.

அப்புறம் மரக் கணக்கு. 20 ஏக்கருக்கு மாதிரிக் கட்டம் போட்டு மதிப்பிட வேண்டியதில்லை. மாணவர்களை வைத்து முழுசாகவே எடுத்துவிடலாம். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் தையல் டேப்பைச் சுற்றி அளந்து, 3.14ஆல் வகுத்தால் விட்டம். அந்த உயரத்துக்குக் கீழேயே கவையாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொரு தண்டையும் தனியாக அளக்க வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதைப் பெயின்ட்டில் எழுதுங்கள். ஆணி அடித்துப் பலகை மாட்டிவிட்டு அதைப் பசுமைத் தணிக்கை என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் கூச்சமான விஷயம்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் மரத்தின் அடி. நல்ல மரம் தரையைத் தொடும் இடத்தில் விரிந்து வேரோடு கலக்கும். விளக்குக் கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்கினால், யாரோ அடியில் மண்ணையோ கட்டடக் கழிவையோ கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். பேவர் கல்லும் சிமென்ட் வளையமும் தண்டை நெருக்குகின்றனவா, பழைய இரும்புக் கூண்டின் கம்பி பட்டைக்குள் புதைந்துவிட்டதா என்று பாருங்கள். அடியில் காளான் முளைத்திருந்தாலோ, மரச் சுத்தியால் தட்டும்போது ஒரு பக்கம் மட்டும் பொள்ளலாகக் கேட்டாலோ சிவப்புக் குறி போடுங்கள். கேபிளுக்காக ஜேசிபி பள்ளம் தோண்டிய வரிசையில் நிற்கும் மரங்களைத் தனிப் பட்டியலாக எடுங்கள். ஒரு பக்க வேர் அறுந்த மரம் பல வருஷம் இலையோடு நின்றுவிட்டு ஒரு காற்றில் சாயும். அதன் கீழே பைக் ஸ்டாண்டோ கேன்டீனோ இருந்தால் நாக் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இனக் கலவைக்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. அமெரிக்க மர ஆராய்ச்சியாளர் சாண்டமோர் 1990இல் சொன்னது: ஒரே இனம் 10 சதவீதம், ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) 20, ஒரே குடும்பம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதை நம் வளாகங்களில் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். குல்மொகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி, புங்கன், புளி, சரக்கொன்றை எல்லாமே அவரைக் குடும்பம்! பார்வைக்குப் பலவகை, கணக்குக்கு ஒரே வீடு. வேம்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். இந்த வெயிலுக்கும் மண்ணுக்கும் பழகிய மரம். ஆனால் வேம்பிலும் நுனிக்கருகல் நோய் வருவதால், எல்லா முட்டையையும் அந்தக் கூடையில் வைக்காதீர்கள். இலுப்பை, நாவல், மகிழம், பூவரசு என்று அடுத்த நடவைத் திருப்பலாம். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னையில் குல்மொகரும் பெருங்கொன்றையும் ஏராளமாக விழுந்தன. வகுப்பறையை ஒட்டி இவற்றைப் புதிதாக நட வேண்டாம். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு அழகு மரம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குத் தமிழ்நாடு அரசு 2025இல் தடை போட்டுவிட்டது.

கிளை வெட்டும் வேலையைச் செய்கிறவரிடமும் பேசுங்கள். மின்கம்பிக்காக ஒரு பக்கம் மட்டும் கழித்த மரம் மறுபக்கம் சாயும். உச்சியை மொட்டையடித்தால் வெட்டிய இடத்தில் அழுகல் இறங்கும். அதைச் சுற்றிக் கிளம்பும் கிளைகளுக்குப் பிடிப்பும் இருக்காது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள வீக்கத்தைச் சீவாமல், அதற்கு வெளியே வெட்ட வேண்டும். நீளமாகக் குச்சி விட்டு வெட்டுவதும் தப்புதான்.

அபாயமான மரங்களின் கிளைகளைப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் கழித்துவிடுங்கள். மரத்தையே எடுக்க வேண்டும் என்றால், அரசுக் கல்லூரியாக இருந்தால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவிடம் போக வேண்டும். மூலையில் தானாக முளைத்த சந்தனக் கன்று ஏதாவது இருந்தால் அதையும் பதிவேட்டில் ஏற்றி, எண்ணை வனச்சரக அலுவலகத்திலும் கொடுத்துவிடுங்கள். காய்ந்துபோனாலும் அவர்கள் அனுமதி இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.