கையில் உள்ள தொழிலை விட்டுவிட்டு இணைய மார்க்கெட்டிங்கில் இறங்கலாமா?

கேள்வி: ஆலை மின்பணித் தொழிற்பயிற்சியின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். இன்னும் பத்து மாதம் பாக்கி. ஒரு வருடமாக இரவு நேரங்களில் இணைய மார்க்கெட்டிங் படித்து வருகிறேன். பயிற்சியை நிறுத்திவிட்டு, சேமிப்பைக் கொண்டு ஒரு பெரிய ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து, முழுநேரமாக இதில் இறங்க நினைக்கிறேன். அப்பா கடுமையாக எதிர்க்கிறார். என்ன செய்வது?

பதில்:

பயிற்சியை நிறுத்தாதீர்கள். அந்தப் பத்து மாதத்தை முடித்துச் சான்றிதழைக் கையில் வாங்குங்கள். இணைய மார்க்கெட்டிங்கை இன்றிரவே தொடங்குங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் ஏன் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

நானும் ஆலை எலக்ட்ரீஷியன்தான். ஏழு ஆண்டுகள் ஷிப்டு வேலை பார்த்தேன். இரவுப் பணி முடித்து வந்து தூக்கம் பிடிக்காத நாள்களில் உடற்பயிற்சிக் கருவிகளைப் பற்றி ஒரு விமர்சனத் தளம் தொடங்கினேன். யாராவது என் இணைப்பைச் சொடுக்கி ஒரு கருவியை வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும். முதல் ஆறு மாதம் ஒன்றும் வரவில்லை. பிறகு மெல்ல வரத் தொடங்கி, ஒரு கட்டத்தில் தொடர்ந்து நான்கு மாதம் என் சம்பளத்தைத் தாண்டியது. ஐந்தாவது மாதம் வேலையை விட்டேன். எட்டாவது மாதம் அந்தத் தளத்துக்கு வரும் கூட்டம் ஒரே வாரத்தில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. திரும்ப எழவே இல்லை.

தவறு என்னுடையது. தேடலில் முன்னே வருவதற்காக மற்ற தளங்களிலிருந்து இணைப்புகளைக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். நான் எழுதிய கருவிகளில் பாதிக்கு மேல் கையால் தொட்டதுகூட இல்லை. அன்று அது எல்லோரும் செய்கிற வேலையாகத் தெரிந்தது. வருமானமும் வந்ததால் சரியான வழி என்றே நம்பினேன்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். உங்களிடம் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுதான்.

ஆலையில் ஒரு மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகிறது, அதாவது தானாக நின்றுவிடுகிறது என்றால் அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதை நம்மால் எட்டிப் பிடிக்க முடியும். மெகர் என்ற அளவுக்கருவியை வைத்து இன்சுலேஷனை, அதாவது மின்காப்பைப் பார்க்கிறோம். மோட்டாருக்கு மின்சாரம் வரும் மூன்று வழிகளான மூன்று பேஸிலும் மின்னோட்டத்தை அளக்கிறோம். ஒரு பேஸ் போய்விட்டதா, பேரிங் இறுகிவிட்டதா, மின்னோட்டம் அளவை மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயில் வைத்த அளவு தவறா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் கோளாறு. சரிசெய்து பொத்தானை அழுத்தியதும் மோட்டார் ஒரே சீராகச் சுழலும் சத்தம் வரும். நாம் நினைத்தது சரி என்று அந்தச் சத்தமே சொல்லிவிடும். தவறாக நினைத்திருந்தால் அதுவும் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். இப்படி ஒரு தொழிலில் பழகிய மனம், எங்கே போனாலும் விளைவைப் பார்த்துக் காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறது. எனக்கு அந்த நம்பிக்கைதான் ஆபத்தாக முடிந்தது.

தேடலில் உங்கள் பக்கம் ஏன் மேலே வந்தது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். எழுத்து நன்றாக இருந்ததாலா, போட்டி இல்லாததாலா, இன்னும் பிடிபடாத ஒரு குறுக்குவழியாலா என்று பிரித்துப் பார்க்க உங்கள் கையில் மெகர் கிடையாது. என்னுடைய நான்கு நல்ல மாதங்கள் எனக்குத் தவறான பாடத்தைக் கற்றுக்கொடுத்தன. தோல்வி வந்திருந்தால் யோசித்திருப்பேன். வெற்றி வந்ததால் யோசிக்கவில்லை. நீங்கள் தொடங்கி, உங்களுக்குச் சீக்கிரமே பணம் வந்துவிட்டால், அந்த நேரத்தில்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

இது என் ஒருவனுடைய அனுபவம் என்று தள்ளிவிடாதீர்கள். இந்தத் துறையின் வரலாறே அடிக்கடி தரை நகர்ந்த வரலாறு. கூகுள் 2011 பிப்ரவரியில் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் 'பாண்டா' என்று பின்னர் பெயர் பெற்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது, அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதம் அதனால் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படும் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. மேலோட்டமாக எழுதிக் குவித்த தளங்கள் அதில் சரிந்தன. 2012 ஏப்ரலில் 'பென்குவின்' வந்தது. செயற்கையாக இணைப்பு சேர்த்தவர்கள் அதில் சிக்கினார்கள். ஆப்பிள் 2021 ஏப்ரலில், பயனரின் அனுமதி கேட்காமல் மற்றச் செயலிகளிலும் தளங்களிலும் அவரைப் பின்தொடரக் கூடாது என்று செயலிகளுக்கு விதி வைத்தது. ஆளுக்கேற்ற விளம்பரம் காட்ட அந்தப் பின்தொடர்தல் தேவைப்பட்டதால், அந்த ஒரே விதியால் 2022இல் தனக்குச் சுமார் ஆயிரம் கோடி டாலர் வருவாய் குறையும் என்று பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே கணித்தது. 2024 மே மாதம் கூகுள் தேடல் முடிவுகளின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கங்கள் அமெரிக்காவில் பரவலாக வரத் தொடங்கின. கேட்டதற்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் ஒருவர் உங்கள் பக்கத்துக்கு ஏன் வர வேண்டும்? மெட்டா போன்ற நிறுவனமே ஆடிப்போகிற இடத்தில், ஒற்றை ஆளாக நாம் என்ன கையிருப்போடு நிற்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு பக்கத்தை 10,000 பேர் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஐந்து பேர் இணைப்பைச் சொடுக்கினால் 500 பேர். அவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் வாங்கினால் 15 விற்பனை. கமிஷன் 8 சதவீதம் என்றால், அந்த 15 விற்பனையிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு பொருளின் விலைக்குச் சற்று மேல். கமிஷன் 3 சதவீதம் என்றால் ஒரு பொருளின் விலையில் பாதிகூட இல்லை. எட்டையும் மூன்றையும் நான் சும்மா எடுக்கவில்லை. 2020 ஏப்ரலில் அமேசான் தன் துணை விற்பனைத் திட்டத்தில் மரச்சாமான், வீட்டுப் பொருள் பிரிவுகளின் கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. அதே எழுத்து, அதே வாசகர்கள், அதே உழைப்பு. வருமானம் மட்டும் பாதிக்கும் கீழே. இப்படி ஒரு நாள் வரலாம் என்று வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

அப்படியானால் இந்தத் துறையே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். இன்று எனக்குச் சோறு போடுவதில் பாதி இந்தத் துறைதான். எப்படித் திரும்பி வந்தேன் என்பதையும் கேளுங்கள்.

தளம் விழுந்தபின் ஆலை வேலைக்கே திரும்பினேன். என் பழைய இடத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர் இருந்தார். அவருக்குக் கீழே சேர்ந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சான்றிதழும் உரிமமும் உயிரோடு இருந்ததால்தான் அந்தக் கதவாவது திறந்தது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: பாதியில் விட்ட பயிற்சிக்குத் திரும்பிச் சேர்வது எளிதல்ல, முடித்த பயிற்சிக்கோ பல இடங்களில் மதிப்பு உண்டு. இத்தனை ஆண்டு உழைத்தவர் கடைசிப் பத்து மாதத்தை விட்டால், இழப்பது பத்து மாதத்தை மட்டும் அல்ல, உழைத்த அத்தனை ஆண்டுகளையும்தான்.

அந்தக் காலத்தில் பழக்கதோஷத்தால் மறுபடியும் எழுத உட்கார்ந்தேன். இந்த முறை எனக்குத் தெரிந்ததை எழுதினேன். மோட்டார் சூடாவது ஏன், மோட்டாரை இயக்கி நிறுத்தும் கான்டாக்டர் பழசானால் இரைவது ஏன், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான வைண்டிங் எரிந்த வாசனைக்கும் பேரிங் கிரீஸ் கருகும் வாசனைக்கும் என்ன வித்தியாசம் என்பது போன்றவை. படித்தவர்கள் சில நூறு பேர்தான். ஆனால் அவர்கள் பொழுதுபோக்குக்காக வந்தவர்கள் அல்லர். ஆலை நின்றுபோய், கையில் டெஸ்டரோடு, தொலைபேசியில் விடை தேடி வந்தவர்கள். அவர்களில் ஒருவர் உதிரிபாகம் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை நடத்துபவர். தன் பொருள் பட்டியலுக்கு விளக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். மார்க்கெட்டிங் ஆள்கள் எழுதியதைப் படித்து எலக்ட்ரீஷியன்கள் சிரிக்கிறார்கள் என்பது அவருடைய குறை. எழுதிக் கொடுத்தேன். அவர் இன்னொருவரிடம் சொன்னார். இப்போது நான்கு நிறுவனங்களுக்கு விளம்பரம், மின்னஞ்சல், தளம் எல்லாவற்றையும் பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஆலைப் பணியும் உண்டு. உரிமத்தை ஒரு முறைகூடக் காலாவதியாக விட்டதில்லை.

இதில் நான் புரிந்துகொண்டது இதுதான்: மார்க்கெட்டிங் என்பது விற்கும் திறமை. விற்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். உடற்பயிற்சிக் கருவிகளைப் பற்றி எனக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றுமே இல்லை. அதனால் என் இடத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், நின்றார்கள். மோட்டாரைப் பற்றி நான் சொல்வதற்கு ஏழு ஆண்டு கைப்பழக்கம் பின்னால் இருக்கிறது. நீங்கள் விட்டுவிட நினைக்கும் தொழில்தான் நாளைக்கு உங்கள் சரக்கு. நீங்கள் இதைத் தடையாகப் பார்க்கிறீர்களே என்பதுதான் உங்கள் கேள்வியில் என்னை மிகவும் வருத்தியது.

அந்த ஆன்லைன் வகுப்பைப் பற்றி. எல்லா வகுப்பும் ஏமாற்று அல்ல. நல்லவற்றில் நானும் கற்றிருக்கிறேன். ஆனால் இந்தத் துறையில் அதிகம் விற்கப்படும் பொருள், இந்தத் துறையில் சம்பாதிக்கும் கனவுதான். 'மோப்' என்ற நிறுவனம் 21 படிகளில் இணைய வருமானம் என்று விற்றது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2018இல் அதன்மேல் வழக்குப் போட்டபோது, மக்களிடமிருந்து 30 கோடி டாலருக்கு மேல் பறித்ததாகக் குற்றம்சாட்டியது. சிறு கட்டணத்தில் உள்ளே இழுத்து, அடுத்தடுத்த படிக்கு மேலும் மேலும் பணம் கேட்பதுதான் அங்கே முறை. நீங்கள் சேர நினைக்கும் வகுப்பு நடத்துபவரிடம் ஒன்று கேளுங்கள்: வகுப்பு விற்பதை விட்டால் உங்கள் வருமானம் எதிலிருந்து வருகிறது? பதில் தெளிவாக வரவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள். இன்றோடு சலுகை முடிகிறது என்று அவசரப்படுத்தினாலும் கட்டாதீர்கள். ஆரம்பத்துக்குத் தேவையானது, கூகுள் தன் விளம்பரக் கருவிகளுக்கு நடத்தும் பாடங்கள் உட்பட, இலவசமாகவே கிடைக்கிறது.

உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இணையத்தை எதிர்க்கிறார் என்று நினைக்காதீர்கள். கையில் காகிதம் இல்லாமல் பிள்ளை நின்றுவிடுவானோ என்று பயப்படுகிறார். பயிற்சியை முடிக்கிறேன் என்று நீங்கள் சொன்னதும் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதியை, இணையத்தில் வந்த முதல் வருமானத்தை அவரிடம் காட்டித் தீர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பத்து மாதத்தில் செய்ய ஒரு சோதனை சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு மின்பணி ஒப்பந்தக்காரரைப் பிடியுங்கள். அவருக்கு ஒரு எளிய பக்கம் அமைத்துக் கொடுத்து, மாதத்துக்கு எத்தனை அழைப்பு வந்துகொண்டிருந்தது, இப்போது எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். பார்வையாளர் எண்ணிக்கை, விருப்பக்குறி எதையும் எண்ண வேண்டாம். தொலைபேசி மணி அடிப்பதை மட்டும் எண்ணுங்கள். உங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர், உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு அந்த ஒப்பந்தக்காரருக்கு வேலை கொடுத்தால், உங்களுக்கு இந்தத் தொழில் வரும் என்பதற்கு அதுவே முதல் ஆதாரம். அது நடக்கும்வரை, ஷிப்டு முடிந்து வந்த களைப்பிலும் இந்த வேலைக்கு உட்காரும்போது நேரம் போவது தெரிகிறதா, தெரியவில்லையா என்பதையும் கவனித்துக்கொண்டே இருங்கள். நேரம் நகரவே மாட்டேன் என்கிறது என்றால், முழுநேரமாக இறங்கினாலும் அது அப்படித்தான் இருக்கும்.

சான்றிதழ் வாங்கியபின், ஒன்பது மாதச் செலவுக்குச் சேமிப்பும், மாதந்தோறும் பணம் தரும் இரண்டு வாடிக்கையாளர்களும் இருந்தால், தாராளமாக முழுநேரமாக மாறுங்கள். அப்போது அப்பாவுக்கு நானே உங்களுக்காகப் பரிந்து எழுதுவேன்.

இன்றிரவு முதல் பக்கத்தை எழுதத் தொடங்கினால், ஓவர்லோடு ரிலே ஏன் காலையில் மட்டும் விழுகிறது என்பது போல, நீங்களே பார்த்துச் சரிசெய்த ஒரு கோளாறை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். மின்பணிப் பகுதியில் பிழை இருந்தால் குறித்துத் தருகிறேன்.