படகில் பேட்டரியும் இன்வெர்ட்டரும்: கேள்வி பதில்

நெடும்பயணப் படகுகளின் மின் அமைப்பைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். எத்தனை பேட்டரி வேண்டும், எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் வேண்டும் என்று கேட்பவர்கள், தங்கள் படகில் ஒரு நாளைக்கு எத்தனை வாட்-மணி செலவாகிறது என்ற கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் நான் சொல்லும் எந்த எண்ணும் வெறும் ஊகம்தான்.

கேள்வி: 38 அடிப் பாய்மரப் படகு. இருவர் வசிக்கிறோம். நங்கூரமிட்டு நாட்கணக்கில் ஒரே இடத்தில் இருப்பது உண்டு. பழைய அமைப்பை முழுவதும் பிரித்துவிட்டுப் புதிதாகச் செய்ய நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒரு தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள்: ஒன்று நங்கூரத்தில் இருக்கும் நாளுக்கு, மற்றொன்று கடலில் ஓடும் நாளுக்கு. இரண்டும் வேறு வேறு படகுகள் என்று எண்ணும் அளவுக்கு எண்கள் மாறும். 12 வோல்ட் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடும்போது 4 முதல் 5 ஆம்பியர் வரை இழுக்கும்; வெப்பமான கடலில் நாளில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் அதற்கு மட்டும் 650 வாட்-மணி. விளக்குகள், தண்ணீர் பம்ப், ரேடியோ ஆகியவற்றுக்கு 400, இரண்டு மடிக்கணினிகளுக்கும் தொலைபேசிகளுக்கும் 500 சேர்த்தால், நங்கூரத்தில் ஏறத்தாழ 1,500 வாட்-மணி ஆகும். ஓடும் நாளில் மடிக்கணினி மூடியிருக்கும். ஆனால் தானியங்கிச் சுக்கான் சராசரியாக 3 முதல் 4 ஆம்பியர் வீதம் இரவும் பகலும் இழுத்து, தனியாகவே 1,000 வாட்-மணியைத் தின்றுவிடும். கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுவதாக இருந்தால் இரண்டு பத்திகளிலும் இன்னும் 1,200 முதல் 1,500 வரை சேருங்கள்.

வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தாங்க வேண்டும் என்று முடிவு செய்தால், நங்கூரத்துக்கு 3,000 வாட்-மணி தேவை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம், ஆகவே 12.8 வோல்ட்டில் 300 ஆம்பியர்-மணி போதும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகத் தேயும் என்பதால் அதே வேலைக்கு 500 ஆம்பியர்-மணி வேண்டும். எடை, முன்னதில் 35 கிலோவுக்குள் அடங்கும். பின்னதில் 140 கிலோவை நெருங்கும்.

கொள்ளளவைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஈய-அமில பேட்டரி கடைசி 20 சதவீதத்தை மிக மெதுவாகவே உள்வாங்கும். நங்கூரத்தில் கிடக்கும் படகில் அந்தக் கடைசிப் பகுதி நிரம்பும் முன்னரே பொழுது சாய்ந்துவிடும். நாள்தோறும் அரைகுறையாக நிரம்பும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகி, அது வேலை செய்யாமலே கெடும். லித்தியத்துக்கு அரைகுறையாக இருப்பதே நலம். படகுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இதுவே; எடை அடுத்ததுதான்.

சோலாரைப் பொறுத்தவரை, நல்ல வெயிலில் பேனலின் வாட் எண்ணை 3 அல்லது 4 ஆல் பெருக்கினால் நாளொன்றுக்குக் கிடைக்கும் வாட்-மணி வரும். 400 வாட் பேனல்கள் உங்கள் நங்கூர நாளை ஏறத்தாழ ஈடுகட்டும். பாய்மரத்தின் ஒற்றைக் கயிற்று நிழல் விழுந்தாலும், தொடராக இணைத்த பேனல்களின் விளைச்சல் வெகுவாகக் குறையும். முடிந்தால், பேட்டரிக்குப் போகும் சார்ஜை ஒழுங்குபடுத்தும் கண்ட்ரோலரை ஒவ்வொரு பேனலுக்கும் தனியாக வையுங்கள்.

கேள்வி: 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

பதில்: 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட்டிலிருந்து ஏறத்தாழ 185 ஆம்பியர் இழுக்கும், 24 வோல்ட்டில் அதில் பாதி. மின்னோட்டம் பாதியானால் அதே கம்பியில் வீணாகும் ஆற்றல் நான்கில் ஒன்றாகும். புதிய படகு கட்டுகிறீர்கள், 3,000 வாட்டுக்கு மேல் இன்வெர்ட்டரும் பெரிய நங்கூர விஞ்ச்சும் வைக்கப் போகிறீர்கள் என்றால் 24-க்குப் போங்கள். விளக்கு, பம்ப், ரேடியோ எல்லாம் ஏற்கெனவே 12 வோல்ட்டில் ஓடும் படகு என்றால் 12-லேயே இருந்து, கேபிளைத் தடிமனாக்குவதே செலவும் சிக்கலும் குறைந்த வழி.

கேள்வி: என் படகில் எத்தனை பேட்டரி வைக்கலாம்?

பதில்: நாளொன்றுக்கு எத்தனை வாட்-மணி?

கேள்வி: ஐயா, பேட்டரி நிரம்பியிருக்கும்போதே, மின்கெண்டியைப் போட்டவுடன் இன்வெர்ட்டர் ‘மின்னழுத்தம் குறைவு’ என்று நின்றுவிடுகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா?

பதில்: பேட்டரியைக் குறை சொல்லும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். கெண்டி ஓடும்போதே, முதலில் பேட்டரியின் முனைகளிலும் பிறகு இன்வெர்ட்டரின் முனைகளிலும் அளவு பாருங்கள். இதே புகாரோடு இருந்த ஒரு படகில் நான் பார்த்தபோது பேட்டரியில் 12.7 வோல்ட், இன்வெர்ட்டரில் 11.2. நடுவில் ஒன்றரை வோல்ட் காணாமல் போயிருந்தது. 150 ஆம்பியரில் அது 225 வாட் வெப்பம். எங்கோ ஓரிடத்தில் அடுப்பு எரிகிறது என்று பொருள். பாசிட்டிவ் கேபிள் நெடுகக் கையை வைத்துக்கொண்டே போனேன். பல கேபிள்கள் வந்து சேரும் உலோகப் பட்டையான பஸ்பாரின் அருகே சுட்டது. அங்கே கேபிளின் சிவப்பு உறை ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பேறி, நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகியிருந்தது. நட்டைக் கழற்றினால், லக்குக்கும் (கேபிள் முனையில் பொருத்திய உலோக வளையம்) பஸ்பாருக்கும் இடையில் ஒரு துருப்பிடிக்காத எஃகு வாஷர். அந்த எஃகின் மின்தடை செம்பைப் போல ஏறத்தாழ 40 மடங்கு. லக் நேரடியாகப் பஸ்பாரின் மேல் அமர வேண்டும். வாஷர் அதற்கு மேலேதான் வர வேண்டும். இடம் மாற்றி, பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கியதும் இழப்பு கால் வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டது.

இணைப்புகள் சரியாக இருந்தால் கேபிளின் தடிமனைப் பாருங்கள். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே 2 மீட்டர் தூரம் என்றால் போகவர 4 மீட்டர். 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 185 ஆம்பியருக்கு 0.18 வோல்ட் குறையும். அதையே 35-ல் ஓட்டினால் இருமடங்கு. போகும் தூரத்தை மட்டும் கணக்கிட்டுத் திரும்பும் கம்பியை மறப்பது பலரும் செய்யும் பிழை.

கேள்வி: லித்தியம் பேட்டரிக்குள்ளேயே பி.எம்.எஸ். பாதுகாப்பு இருக்கும்போது தனியாக ஃபியூஸ் எதற்கு?

பதில்: பி.எம்.எஸ். என்பது செல்களைக் காக்கும் மின்னணுப் பலகை. கேபிளைக் காப்பது ஃபியூஸ். இந்தப் பேட்டரிகளின் உள்மின்தடை மிகக் குறைவு என்பதால், ஒரு ஸ்பேனர் தவறி விழுந்து இரு முனைகளையும் தொட்டால் பல ஆயிரம் ஆம்பியர் பாயும். சாதாரண ஃபியூஸ் உருகிய பின்னும் அதன் இடைவெளியில் மின்பொறி தொடர்ந்து எரியலாம். 20,000 ஆம்பியர் வரை அறுக்கவல்ல ‘கிளாஸ் டி’ ஃபியூஸை வாங்குங்கள். கடையில் கேட்கும்போது, ஆங்கில வரிசையின் நான்காம் எழுத்து அல்ல, இருபதாம் எழுத்து என்று தெளிவாகச் சொல்லுங்கள். அது பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். அமெரிக்காவில் படகுகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான ஏ.பி.ஒய்.சி.யின் இ-11 நெறி 7 அங்குலத்துக்குள் என்கிறது. பேட்டரியிலிருந்து நேரடியாக வரும் கம்பி முழுநீளமும் உறைக்குள் சென்றால் மட்டும் 72 அங்குலம் வரை விலக்கு. இன்வெர்ட்டரின் அருகே ஃபியூஸை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களுடைய கேபிளின் முழுநீளமும் காப்பின்றிக் கிடக்கிறது.

கேள்வி: லித்தியத்துக்கு மாறியதும் ஆல்டர்னேட்டர் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது.

பதில்: ஈய-அமில பேட்டரி நிரம்ப நிரம்பத் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கொடுப்பதையெல்லாம் வாங்கும். எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடிக் கருகும். இதைவிட ஆபத்தானது, பி.எம்.எஸ். திடீரென்று பேட்டரியைத் துண்டிக்கும் நொடி. பாய்ந்துகொண்டிருந்த மின்னோட்டத்துக்குப் போக இடமில்லாமல் மின்னழுத்தம் எகிறி, ஆல்டர்னேட்டரின் டையோடுகளையும் கூடவே கருவிகளையும் கெடுத்துவிடும். எஞ்சின் பேட்டரியை ஈய-அமிலமாகவே வைத்துக்கொண்டு, ஆல்டர்னேட்டரை அதனோடு இணைத்து, அங்கிருந்து, மின்னோட்டத்தை வரம்புக்குள் வைக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு அனுப்புவதே எளிய வழி. விரைவாக நிரப்ப வேண்டுமானால், ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும், வெப்பநிலை உணரி கொண்ட வெளி ரெகுலேட்டரை வையுங்கள். துண்டிக்கும் முன் பி.எம்.எஸ். அந்த ரெகுலேட்டரை நிறுத்துமாறு இணைப்புக் கொடுங்கள். டி.சி.-டி.சி. சார்ஜரின் இருபுறமும் பேட்டரிகள் இருப்பதால், ஃபியூஸ் இருபுறமும் வேண்டும்.

கேள்வி: இணையாக வைத்த நான்கு பேட்டரிகளில் முதலாவது மட்டும் எப்போதும் சீக்கிரம் கெடுகிறதே?

பதில்: பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் அந்த முதல் பேட்டரியிலிருந்தே எடுத்திருப்பீர்கள். பாசிட்டிவை ஒரு கோடியிலிருந்தும் நெகட்டிவை மறு கோடியிலிருந்தும் எடுங்கள். ஒரே நீளமுள்ள கேபிள்களால் நான்கையும் பஸ்பாரில் சேர்ப்பது இன்னும் நல்லது. புதிய பேட்டரியைப் பழையவற்றோடு கலக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு எத்தனை வாட் இன்வெர்ட்டர் போதும்?

பதில்: ஒரே நேரத்தில் ஓடும் சாதனங்கள் எவை என்று சொல்லாமல் கேட்கிறீர்கள். இது ஏழாவது முறையாக வரும் கேள்வி. முதல் பதிலில் சொன்ன தாளை எடுத்து, ஒன்றாக ஓடுபவற்றின் வாட்களைக் கூட்டுங்கள். 800 வாட் என்று எழுதியிருக்கும் மைக்ரோவேவ் உண்மையில் 1,200-க்கு மேல் இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மின்னல் தாக்காமல் இருக்கப் பாய்மரத்தை எப்படித் தரையிணைப்பது?

பதில்: அது என் துறை அன்று. மின்னல் காப்பில் அனுபவமுள்ள ஒருவரைக் கேளுங்கள்.

கேள்வி: கரை மின்சாரத்தின் எர்த் கம்பியை எஞ்சினிலிருந்து நான் துண்டித்துவிட்டேன். மற்ற உலோகங்களைக் காக்கத் தான் கரையும் துத்தநாக ஆனோடு, அதுவரை சில மாதங்களில் கரைந்துகொண்டிருந்தது; இப்போது ஓராண்டு தாங்குகிறது. இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

பதில்: சொல்லக் கூடாது என்பதால்தான். ஆனோடு கரைந்ததற்கான காரணத்தை நீங்கள் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள்: எர்த் கம்பி உங்கள் படகின் உலோகத்தையும் பக்கத்துப் படகுகளின் உலோகத்தையும் கரை வழியாக இணைக்கிறது, கடல்நீர் நடுவில் இருக்க, எல்லாமாகச் சேர்ந்து ஒரு பெரிய பேட்டரி ஆகிறது. நோயை அறிந்த நீங்கள் எடுத்துக்கொண்ட மருந்துதான் ஆபத்தானது. சார்ஜரிலோ வாட்டர் ஹீட்டரிலோ ஒரு ஃபேஸ் கம்பி நைந்து எஞ்சினைத் தொட்டால், அந்த மின்னோட்டம் திரும்பிப் போக உங்கள் படகில் இப்போது கம்பி இல்லை. பிரேக்கர் விழாது. எஞ்சின், புரொப்பெல்லர் தண்டு, அதைச் சுற்றியுள்ள தண்ணீர் என எல்லாவற்றிலும் மின்சாரம் நிற்கும்.

அதே கேள்வியாளர்: உப்பு நீர் மனித உடலைவிட நன்றாகக் கடத்தும். நீந்துபவருக்கு ஆபத்தில்லை.

பதில்: நன்னீரில் ஆபத்து பன்மடங்கு அதிகம் என்பது உண்மை, ஆனால் உங்கள் படகு ஆற்று முகத்துவாரத்திலும் நிற்கும். தண்ணீரை விடுங்கள், படகுக்குள்ளேயே பாருங்கள்: ஒரு கை எஞ்சினிலும் மறு கை எர்த் செய்யப்பட்ட ஹீட்டரின் உறையிலும் இருக்கும்போது, முழு மின்னழுத்தமும் உங்கள் மார்பின் குறுக்கே போகும். எண்ணெய் மாற்றும் எவரும் அப்படித்தான் கைவைத்து நிற்பார்.

மற்றொருவர்: மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. இருக்கிறதே. எர்த் இல்லாவிட்டாலும் அது விழும் அல்லவா?

பதில்: எர்த் இருந்தால், பழுது நேர்ந்த நொடியிலேயே, யாரும் தொடும் முன்னரே ஆர்.சி.டி. விழும். எர்த் இல்லாவிட்டால், கசிய ஒரு வழி கிடைக்கும் வரை அது காத்திருக்கும். அந்த வழி மனித உடலாக இருக்கலாம். இரண்டும் வேண்டும்.

இதோடு சேர்ந்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது மின்சாரத்தின் மூலமே உங்கள் படகுதான். அப்போது நியூட்ரலும் எர்த்தும் இன்வெர்ட்டருக்குள் இணைந்திருக்க வேண்டும். கரை மின்சாரம் வந்தவுடன் அந்த இணைப்பு விலக வேண்டும். படகில் நிலையாகப் பொருத்துவதற்கென்று செய்த இன்வெர்ட்டர்களில் இதற்கு ரிலே இருக்கும். கையில் எடுத்துச் செல்லும் மலிவான இன்வெர்ட்டரைப் படகின் ஏ.சி. சுற்றில் சொருகாதீர்கள், அதை வைத்துக்கொண்டு ஆர்.சி.டி.யை நம்ப முடியாது.

கேள்வி: இன்வெர்ட்டரை நாள் முழுவதும் போட்டே வைக்கலாமா?

பதில்: சும்மா நிற்கும்போதே 15 வாட் இழுத்தால் நாளொன்றுக்கு 360 வாட்-மணி. முதல் பதிலில் வந்த ஃபிரிட்ஜின் செலவில் பாதிக்கும் மேல். சுவிட்சைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துத் தேவைப்படும்போது போடுங்கள்.

எர்த் கம்பி பற்றிக் கேட்டவர்: ஐயா, கரைக் கேபிளைக் கழற்றிவிட்டுச் சோதித்தேன். பிளக்கின் எர்த் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே மீட்டர் எந்தத் தொடர்பையும் காட்டவில்லை. கம்பியை மீண்டும் இணைத்துவிட்டேன். ஆனோடு பழையபடி கரையுமே, என்ன செய்வது?

பதில்: மிக்க மகிழ்ச்சி. கால்வானிக் ஐசொலேட்டர் ஒன்றை வாங்குங்கள். அதில் இரு திசைகளிலும் இரண்டிரண்டாகத் தொடரில் நிற்கும் டையோடுகள் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் வரை நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும்; ஆனோடைக் கரைக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். பழுது மின்னோட்டம் வந்தால் தடையின்றி விட்டுவிடும். கெட்டுப்போனாலும் கடத்திக்கொண்டே இருக்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். கரை மின்சாரம் படகுக்குள் நுழையும் சாக்கெட்டை அடுத்து, எர்த் கம்பி வேறெங்கும் பிரியும் முன் பொருத்துங்கள். பிறகு அதே இரு முனைகளிலும் மீட்டரை டையோடு நிலையில் வைத்துப் பாருங்கள். இப்போது ஏறத்தாழ ஒரு வோல்ட் காட்ட வேண்டும். அதில் சில மாடல்களுக்குள் ஒரு கெப்பாசிட்டரும் இருக்கும் என்பதால், எண் மெல்ல ஏறி நிற்கும் வரை பொறுத்திருங்கள்.