சூரியன் வெள்ளையா எரிஞ்சு வருதா? போனை மாத்த வேணாம்

கன்னியாகுமரி சூரிய உதயம் எடுத்தா சூரியன் வெறும் வெள்ளை வட்டமா வருது, நல்ல கேமரா வாங்கணுமான்னு கேட்டிருந்தீங்க. வேணாம் ப்ரோ. இருட்டா இருக்கற பாறையையும் சிலையையும் பார்த்து போன் தானா வெளிச்சத்தை ஏத்திடுது, அதான் பிரச்சனை. சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு ரெண்டு செகண்ட் அழுத்திப் பிடிங்க, வெளிச்ச அளவு மாறாம லாக் ஆகும், அப்புறம் அங்க வர்ற சின்ன சூரியன் குறியை கீழ இழுத்தா ஆரஞ்சு கலர் திரும்ப வந்துரும், 133 அடி வள்ளுவர் கருப்பு உருவமா நிப்பார், அதுதான் அழகே. ரொம்ப ஜூம் பண்ணாதீங்க, படம் புள்ளி புள்ளியா உடைஞ்சு போகும். அப்புறம் கடல் காத்துல லென்ஸ்ல உப்புப் பிசுக்கு ஏறும், நான் ஒரு தடவை காலைல எடுத்தது பூரா மங்கலா இருந்ததை ரூமுக்கு வந்துதான் பார்த்தேன், நொந்துட்டேன். மெல்லிசா ஈரத்துணி ஒண்ணு பாக்கெட்ல வச்சுக்கோங்க.