பழைய வாக்குவம் கிளீனர்: பிளக்கைச் செருகும் முன்பு

கேள்வி: எஸ்டேட் பங்களா ஒன்றில் பிரிட்டனில் செய்த பழைய ஹூவர் ஜூனியர் கிடைத்தது. பல வருடங்களாக யாரும் ஓட்டவில்லை. செருகிப் பார்க்கலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிரிட்டிஷ் மெஷின் என்பதால் வோல்டேஜ் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனாலும் அடியில் உள்ள தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆபத்து ஒயரில்தான் இருக்கிறது. அந்தக் கால ரப்பர் ஒயர் வெளியே நன்றாகத் தெரியும்; ஸ்விட்சுக்குள் நுழையும் இடத்தில் லேசாக மடக்கினால் ரப்பர் தூள்தூளாக உதிரும். அதை ஒட்டுப்போட்டுச் சமாளிக்காதீர்கள். 0.75 சதுர மி.மீ. மூன்று கோர் ஒயராக முழுவதையும் மாற்றிவிடுங்கள். பழைய பிரிட்டிஷ் ஒயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். எர்த் முனையை மோட்டாரின் உலோகக் கூட்டில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். பெயின்ட்டின் மேல் திருகிய எர்த் இருந்தும் பயனில்லை.

அடுத்தது கெபாசிட்டர். ரேடியோவில் இரைச்சல் வராமலிருக்கப் பல மெஷின்களில் ஒன்று வைத்திருப்பார்கள். உள்ளே காகிதம் என்பதால் வயதானால் ஈரம் ஏறி ஷார்ட் ஆகும். மெஷினின் உடம்பைத் தொட்டால் சுரீர் என்பதற்குப் பாதி நேரம் காரணம் இதுதான். கழற்றி எறிந்துவிட்டு, லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை ஒன்றைப் போடுங்கள்.

பிறகு 500 வோல்ட் மெக்கர், அதாவது மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கும் இன்சுலேஷன் மீட்டர். ஸ்விட்சை ஆன் நிலையில் வைத்து, லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து ஒரு முனை, மோட்டார் கூடு மறு முனை. குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். குன்னூர்க் குளிரில் கிடந்த வைண்டிங் ஈரம் குடித்திருக்கும். குறைவாகக் காட்டினால் உடனே ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள். மூடிய பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, மோட்டாரை இரண்டு நாள் காயவைத்து மறுபடி பாருங்கள். பெரும்பாலும் ஏறிவிடும்.

இதெல்லாம் சரியானால், 100 வாட் குண்டு பல்போடு சீரிஸில், அதாவது மின்சாரம் பல்பு வழியாகவே மோட்டாருக்குப் போகும்படி கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு எரிந்து மோட்டார் மெதுவாகச் சுற்றினால் நல்லது. பல்பு எரியவே இல்லையென்றால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது; முதலில் கார்பனை, அதாவது சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டைப் பாருங்கள். பல்பு முழுதாக எரிந்தும் மோட்டார் அசையவில்லையென்றால், நிறுத்திவிட்டு அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பேரிங், லேசாகச் சுற்றினால் வைண்டிங்கில் கோளாறு இருக்கலாம்.

பேரிங்கைக் கரகர சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். வளையத்தில் பொறித்த எண்ணைச் சொல்லி, இரு பக்கமும் மூடியதாகக் கேட்டு வாங்குங்கள். எண் அழிந்திருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து போங்கள். கழற்ற, பிடித்து இழுக்கும் கருவியான புல்லர்தான் வேண்டும், சுத்தியல் அல்ல. பேரிங்குக்குப் பதில் புஷ் (குண்டு இல்லாத வெறும் உலோக வளையம்) இருந்தால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம்; பிசினாகி அச்சையே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து பழைய எலக்ட்ரோலக்ஸ் மாடல் 30 கொண்டுவந்தோம். 120 வோல்ட், 60 சைக்கிள். இங்கே ஓடுமா?
– வாசகி, சென்னை

பதில்: ரோமன் எண்ணில் மூன்று எக்ஸ் போட்டிருக்குமே, அதுதானே? லுரெல் கில்ட் 1937-இல் வடிவமைத்தது. சறுக்குக் கட்டையில் வைத்த டார்பிடோ மாதிரி இருக்கும். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் (ஹெர்ட்ஸ்) பற்றிக் கவலை வேண்டாம். உள்ளே இருப்பது ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் யூனிவர்சல் மோட்டார். 50-க்கும் 60-க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. வோல்டேஜ்தான் கொல்லும். நேராக 230-இல் கொடுத்தால் வேகம் எகிறி வைண்டிங் கருகும், விசிறியும் சிதறலாம். தகட்டில் உள்ள ஆம்பியரை 120-ஆல் பெருக்கி, கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்துக்காக அதைப்போல ஒன்றரை மடங்கு வி.ஏ. உள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். 4 ஆம்பியர் என்றால் 480, அதில் ஒன்றரை மடங்கு 720; ஆக 750 வி.ஏ. போதும். இரண்டு வைண்டிங்கும் தனித்தனியாக உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். விலை மலிவான ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் வெளியே வரும் ஒயர் மெயின் லைனோடு நேரடியாகச் சேர்ந்தே இருக்கும். எர்த் இல்லாத உலோக உடம்புக்கு அது நல்லதல்ல.

கேள்வி: மோட்டார் ஓடும்போது கார்பன் இருக்கும் இடத்தில் தீப்பொறி பறக்கிறது. ஆர்மெச்சூர் (மோட்டாரின் சுற்றும் பகுதி) போய்விட்டதா?
– வாசகர், மதுரை

பதில்: கார்பனின் விளிம்பில் சின்ன நீலப்பொறி இருந்தால் விட்டுவிடுங்கள், அது இயல்பு. கார்பன் உரசும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றி மஞ்சள் வளையமாக ஓடினால்தான் பயப்பட வேண்டும். அப்போது மல்டிமீட்டரில் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளாக ஓம் அளந்து வாருங்கள். எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வர வேண்டும். ஒரு ஜோடி மட்டும் ஏறினாலோ இறங்கினாலோ அந்தக் கம்பிச் சுருள் போய்விட்டது, ரீவைண்டிங்தான்.

அளவு சரியாக இருந்தால் வேலை சுலபம். 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 600-இல் முடியுங்கள். எமரி துணி கூடாது. அதன் துகள் மின்சாரம் கடத்தும், பட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஷார்ட் செய்யும். பட்டைகளுக்கு இடையே உள்ள மைக்கா செம்புக்குச் சமமாக நின்றால் கார்பன் துள்ளும். ஆக்ஸா பிளேடை மெல்லியதாகத் தேய்த்துக்கொண்டு, மைக்காவை அரை மில்லி மீட்டர் கீழே இறக்குங்கள். கார்பன் 6 மி.மீ.க்குக் கீழ் தேய்ந்திருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. புதிய கார்பன் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் பொருந்தும்வரை சீரிஸ் பல்பில் ஓடவிடுங்கள்.

கேள்வி: மோட்டார் நன்றாக ஓடுகிறது, ஆனால் இழுப்பே இல்லை. துணிப்பையைத் துவைத்தால் சரியாகுமா?
– வாசகி, கோவை

பதில்: துவைக்காதீர்கள். தூசியை உள்ளே நிறுத்திக் காற்றை மட்டும் வெளியே விடுவது அந்த நெசவுதான். மின் வாக்குவம் கிளீனருக்கு 1908-இல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர் தலையணை உறையைக் கட்டித்தான் ஆரம்பித்தார் என்பார்கள். தண்ணீரில் துணி சுருங்கும், தூசி சேறாகி நூலுக்குள் இறுகும். முகமூடி கட்டிக்கொண்டு, வெளியே எடுத்துப் போய், உட்புறத்தை வெளியே திருப்பி மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள்.

ஹோஸ் உள்ள மெஷினாக இருந்தால் அதன் வாயை உள்ளங்கையால் அடையுங்கள். மோட்டார் சத்தம் உச்ச ஸ்தாயிக்கு ஏற வேண்டும். காற்று நின்றால் விசிறிக்கு வேலை குறைந்து வேகம் கூடும். ஏறவில்லையென்றால் எங்கோ காற்று கசிகிறது. வாயை அடைத்தபடியே ஹோஸ் நெடுக ஊதுவத்தியைக் கொண்டுபோனால், புகை உள்ளே இழுபடும் இடம்தான் ஓட்டை. நூல் பின்னிய பழைய ஹோஸில் பெரும்பாலும் பிடிக்குப் பக்கத்து வளைவில்தான் கிழிந்திருக்கும். அந்த முனையில் அஞ்சாறு அங்குலம் வெட்டிவிட்டுப் பிடியைத் திரும்பப் பொருத்தலாம்.

நின்றபடி தள்ளும் ஹூவர் வகையில் குப்பை விசிறி வழியாகத்தான் பைக்குப் போகிறது. ஆணியோ காசோ போனால் இறக்கை உடையும். மெஷின் அதிர்வதே அடையாளம்.

கேள்வி: உபயோகிக்காதபோது எப்படி வைப்பது?
– வாசகர், திருச்சி

பதில்: பெல்ட்டை அச்சிலிருந்து கழற்றிவிடுங்கள், மாட்டியபடியே மாதக்கணக்கில் விட்டால் ஒரே இடத்தில் இழுபட்டுத் தளரும். ஒயரை இறுக்கிச் சுற்றாதீர்கள். பேக்கலைட் மூடியைத் தின்னர், பெட்ரோல் எதுவும் படாமல் ஈரத்துணியால் துடைத்து மெழுகு பாலிஷ் போடுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஓட்டினால் பேரிங் கிரீஸ் இறுகாது.