பார்வையற்ற குழந்தை ஒதுங்கியிருப்பது ஏன்?

பார்வையற்ற குழந்தை வகுப்பில் தனித்திருப்பது கூச்சத்தாலா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. விளையாட அழைக்கும் கண்ஜாடையும் புன்னகையும் அக்குழந்தையை எட்டுவதில்லை. பெயர் சொல்லி அழைத்து, அங்கே என்ன நடக்கிறது என்று ஒருவர் விளக்கினாலே பாதித் தனிமை குறையும். கற்கும் ஏக்கம் இதைவிட ஆழமானது. பிறர் படிக்கக் கேட்பது உதவிதான். ஆனால் எழுத்துக்கூட்டலும், விரும்பிய வரிக்குத் தானே திரும்பும் உரிமையும் விரல்வழிப் படிப்பில்தான் முழுமையாகக் கிடைக்கின்றன. சிறு வயதிலேயே பார்வையிழந்த லூயி பிரெயில் 1819இல் பாரிஸின் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தபோது அங்கிருந்தவை புடைப்பெழுத்தாலான கனத்த நூல்கள். அவற்றை மெதுவாகத் தடவிப் படிக்கலாம், அம்முறையில் எழுதுவதோ மிகக் கடினம். 15 வயதில் அவர் உருவாக்கிய ஆறு புள்ளி முறையில் ஓர் எழுத்து விரல் நுனிக்குள் அடங்கியது, எழுதவும் முடிந்தது. எனவே அவர் பெயராலேயே வழங்கும் இந்தப் பிரெயில் எழுத்தைக் கற்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இயன்றால் உடன்பயிலும் ஒருவருக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள். எழுதுவதைப் படிக்க ஒரு தோழமை வேண்டுமல்லவா?